ஆள் வராமல் கூப்பிடும் குருவி

வாரத்தில் ஒரு நாள் சித்தி பிளாஸ்டிக் பூக்களைக் குளிப்பாட்டுவாள். பெரிய வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து, ரோஜாவையும் சூரியகாந்தியையும் பெயர் தெரியாத நீலப் பூக்களையும் காம்போடு முக்கி எடுத்து, பழைய பல் பிரஷால் இதழ் இதழாகத் தேய்ப்பாள். பிறகு பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவாள். மேல்மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்குத் தோட்டம் துவைச்சாச்சா?" என்பார்.

"ஆச்சுங்க. உங்க வீட்டுத் தொட்டியில நிக்கற குச்சியையும் குடுங்க, சேர்த்து அலசித் தர்றேன்" என்பாள் சித்தி. அவர் வீட்டுச் செடி காய்ந்து வெகுநாளாகியிருந்தது.

நான் ஒருமுறை கேட்டேன், இவ்வளவு பாடுபடுவதற்கு அழுக்கானதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்று. சித்தி பிரஷை நிறுத்தாமல் சொன்னாள்: "நெஜப் பூன்னா வாடிடுச்சுன்னு சாக்கு சொல்லித் தூக்கிப் போடலாம். இதை என்ன சொல்லிப் போடறது?"

அம்மா போனபின் அம்மாவின் தங்கையான சித்திதான் என்னை அழைத்துவந்தாள். அப்போது நான் எட்டாம் வகுப்பில் பாதி. அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. புது வகுப்பில் எழுந்து நின்று பேர் சொல்லப் பயம், அவ்வளவுதான். சித்தி என்னைத் திரைச்சீலை தைக்கும் கடையில் சேர்த்துவிட்டாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். சித்தப்பா எனக்குச் 'சத்தமில்லா மிஷின்' என்று பேர் வைத்தார். பேசாமல் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொஞ்ச நாளில் மற்றவர்கள் அவர்களையும் ஒரு சாமானாக நினைத்து மறந்துவிடுவார்கள். பிறகு எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்த வீட்டில் பார்க்க நிறைய இருந்தது. முதல் நாள் ஹாலுக்குள் கால் வைத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. ஒரு சாண் சுவர் சும்மா இல்லை. கழுத்தோடு கழுத்து சேர்த்த இரண்டு அன்னங்கள். குடை பிடித்த பீங்கான் பெண். தங்க நிறக் கடிகாரம். கவிழ்த்தால் பனி பெய்யும் கண்ணாடி உருண்டை. நிறம் மாறி மாறி எரியும் நார்ப் பூ விளக்கு. டிவி மேல், தொலைபேசி மேல், தண்ணீர்க் குடுவை மேல்கூட ஓரம் பின்னிய துணி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெரிய ஏரிப் படம். தண்ணீர் வரவேண்டிய இடமெல்லாம் கண்ணாடித் துண்டுகள் பதித்து மினுங்கும்.

எல்லாமே ரிட்டர்ன் சரக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா ஃபேன்சிக் கடைகளுக்குச் சாமான் போடும் கம்பெனியில் வேன் ஓட்டினார். கடைகள் திருப்பி அனுப்பிய சாமான்களைக் கம்பெனி தூக்கிப் போடும். சித்தப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். கொண்டுவந்தது போலவே வைக்கமாட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பசையும் ரிப்பனுமாக உட்கார்ந்து, குறை தெரியாதபடி ஏதாவது செய்வார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எங்கே, மிஷின், இதுல என்ன கோளாறுன்னு கண்டுபிடி பாப்போம்" என்பார்.

நான் கண்டுபிடித்துவிடுவேன். அன்னத்தின் கழுத்தில் கட்டிய இளஞ்சிவப்பு ரிப்பனுக்கு அடியில் உடைந்து ஒட்டிய கோடு. பீங்கான் பெண்ணுக்கு இரண்டும் இடது கை. குடைக் கையில் துணிப்பூ சுற்றி மறைத்திருந்தார். கடிகாரத்தில் ஏழு என்ற எண் அச்சாகவில்லை. அந்த இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஏரிப் படத்தை மட்டும் நிறைய நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீரில் நிலா தெரியும், வானத்தில் நிலா கிடையாது. அச்சில் விட்டுப்போயிருந்தது. அதைச் சொன்னபோது சித்தப்பாவுக்கே ஆச்சரியம். அவர் அதுவரை படத்தின் மூலையில் இருந்த கீறலைத்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே இருக்கட்டும். நிலா கீழே இருக்கறதும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வருகிறவர்கள் "அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று அன்னத்தைத் தொடும்போது சித்தியும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை நான் பார்ப்பேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவர்களுக்குள் இருந்த ரகசியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளும் ஒரு பொய். அந்தப் பொய்யை இருவரும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

குருவி கடைசியாக வந்தது. தங்க நிறக் கூண்டு, உள்ளே மஞ்சள் குருவி. வாசலில் ஆள் நுழைந்தால் வெளிச்சம் மாறும். அதைக் கண்டு வாலை ஆட்டி, அலகைத் திறந்து, நீளமாகக் கூப்பிடும். கூப்பிட்டு முடிக்கும்போது கேள்வி கேட்பது போல ஒரு இழுப்பு.

"இது என்ன கோளாறு?" என்றாள் சித்தி.

"ஆள் வராமலே கூப்பிடுதாம். கடைக்காரன் கல்லாவுல இருந்து எழுந்து எழுந்து 'வாங்க, வாங்க'ன்னு சொல்லி ஓய்ஞ்சுட்டானாம். வாசல்ல யாருமில்லாம காத்தைப் பாத்துக் கும்பிட்டிருக்கான் பாவம்."

"நம்ம வீட்டுக்கு மட்டும் யாரு வந்து வரிசைல நிக்கறாங்க? சும்மாவாவது கூப்பிடட்டும்."

எல்லாச் சாமானையும் சரிசெய்த சித்தப்பா குருவியை மட்டும் தொடவில்லை. அதற்கு ஒட்ட ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. வெயில் சாயும் நேரத்தில் சித்தப்பா டீ குடிக்க வீட்டுக்கு வருவார். பல நாள் அவர் வருவதற்குச் சற்று முன்னாலேயே குருவி கூப்பிடும். சித்தி அடுப்பைப் பற்றவைப்பாள். டீ கொதிக்கும்போது கீழே வேன் ஹாரன் கேட்கும். சித்தப்பா மாடியேறி வந்து செருப்பை உதறிக்கொண்டே, "நான் வண்டியை ஓரங்கட்டறதுக்குள்ள என் ஆவி மேல வந்துடுது போல. அதுக்கு ஒரு டீ குடுத்துடு, எனக்கு இன்னொண்ணு போடு" என்பார்.

"ஆவிக்குச் சக்கரை போடலாமா? டாக்டர் உங்களுக்கு மட்டுந்தானே வேண்டாம்னார்" என்பாள் சித்தி.

அவர் வேனிலேயே போனார். ஒரு கடைக்கு முன்னால் வண்டியை அழகாக ஓரங்கட்டி, பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி. தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் அவரை வேனோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனபோது பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஏதோ ஒரு பொம்மை பாடிக்கொண்டே வந்ததாம். எந்தப் பெட்டியில் என்று தெரியாமல், நிறுத்தவும் முடியாமல், வழியெல்லாம் அது பாடியிருக்கிறது. ஓட்டிவந்தவர் சித்தியிடம் அதைத்தான் முதலில் சொன்னார், மன்னிப்புக் கேட்பது போல. சித்தி, "எந்தப் பாட்டு?" என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபின், ஒரு நாள் வெயில் சாயும் நேரத்தில் குருவி கூப்பிட்டது. நான் கடையில் கொடுத்த திரைக்கு வீட்டில் வளையம் தைத்துக்கொண்டிருந்தேன். என் ஊசி நின்றது. சித்தி அடுக்களையில் இருந்தாள். தலையைத் திருப்பாமல், "வந்தாச்சா" என்றாள். அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டு, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, ஹாலில் தன் இடத்தில் உட்கார்ந்து குடித்தாள். வேறு டம்ளர் வைக்கவில்லை. கதவைப் பார்க்கவும் இல்லை. குடித்து முடித்ததும் எழுந்து காய் நறுக்கப் போய்விட்டாள்.

அதன்பின் அநேகமாகத் தினமும் அப்படித்தான். மேகம் போட்ட நாட்களில் குருவி கூப்பிடாது. அன்று சித்தி டீயைக் கொஞ்சம் தள்ளிக் குடிப்பாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், அதில் ஒருவர் டீ நேரத்துக்கு மட்டும் வருவார் என்பது போல.

சித்தியின் மகன், என் தம்பி, கல்யாணமானதிலிருந்து வேறு பகுதியில் மனைவியோடு குடியிருந்தான். அவள் முழுகாமல் இருந்தாள். குழந்தை வரும் நேரத்தில் அம்மாவோடு இருக்கலாம் என்று தம்பி சொன்னபோது சித்தி தன் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, என் அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டாள். தொட்டில் போட எந்தக் கொக்கி தாங்கும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அந்தப் பிள்ளை இந்த வீட்டில்தான் வளரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

தம்பியின் மனைவி நல்ல பெண். பாங்கில் வேலை. அவளுடைய அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம். ஒவ்வொரு வீடு மாறும்போதும் அவளுடைய அம்மா தேவையில்லாததையெல்லாம் வாசலில் வைத்துவிட்டுக் கிளம்புவாராம். அவளுடைய பொம்மைகள் அப்படி ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்றிருக்கின்றன. "அதனால எனக்கு சாமான் மேல ஒட்டுதலே வரலக்கா" என்று சொன்னாள். அவளுக்கு வெள்ளைச் சுவர் வேண்டும், சாம்பல் நிறத் திண்டு வேண்டும். முதல் வாரம் அன்னங்களின் நடுவே உட்கார்ந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "அத்தை, கோவிச்சுக்காதீங்க, கண்ணுக்கு ஒரு இடம் ஓய்வு கிடைக்கல" என்றாள்.

"உனக்கு எந்தப் பக்கம் ஓய்வு வேணும்னு சொல்லு, அந்தப் பக்கத்தைக் காலி பண்ணிடலாம்" என்றாள் சித்தி. சொன்னபடி ஒரு சுவரைக் காலி செய்தாள். பீங்கான் பெண்ணும் கடிகாரமும் எங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. அதில் சித்திக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. குருவிதான் சங்கடமாயிற்று.

தம்பியின் மனைவி அலுவலகத்தில் விடுப்பெடுத்து வீட்டில் இருக்கத் தொடங்கியிருந்தாள். பகலில் ஹால் சோபாவில் கண்ணயர்வாள். வெயில் சாயும், குருவி கூப்பிடும், அடுக்களையிலிருந்து சித்தியின் குரல் வரும்: "வந்தாச்சா." அவள் திடுக்கிட்டு எழுந்து கதவைப் பார்ப்பாள். தாழ்ப்பாள் போட்டபடி இருக்கும்.

ஒரு நாள் என் தையல் மேசைக்கு வந்து நின்றாள். "அக்கா, ஒண்ணு கேக்கவா? அத்தை அது மாமான்னே நம்பறாங்களா?"

"தெரியல."

"இத்தனை வருஷமா கூடவே இருக்கீங்க, தெரியலங்கறீங்களே."

நான் ஊசியில் நூலைக் கோத்தேன். அவளே பேச்சை மாற்றினாள். ஹால் ஜன்னலுக்கு நல்லதாக ஒரு ஸ்கிரீன் தைத்துத் தர முடியுமா, சாயங்கால வெயில் கண்ணில் குத்துகிறது, எளிமையாக, வெளிர் நிறத்தில். சரி என்றேன். அன்றே ஸ்டூல் போட்டு ஏறி டேப்பைப் பிடித்தேன்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஜன்னலைத் துடைத்திருக்கிறேன். வெயில் சாயும் நேரத்தில் ஸ்டூல் மேல் நின்றதில்லை. எதிரில் பஸ் நிறுத்தம். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் முன்கண்ணாடியில் பட்ட வெயில் என் தோளைத் தாண்டி உள்ளே பாய்ந்து, ஏரிப் படத்தின் கண்ணாடித் துண்டுகளில் விழுந்து, அங்கிருந்து சிதறிக் கூண்டின் மேல் ஓடியது. குருவி வாலை ஆட்டிக் கூப்பிட்டது.

"வந்தாச்சா" என்றாள் சித்தி, அடுக்களையில்.

இத்தனை நாளும் அது கூப்பிட்டது பஸ் கண்ணாடியின் வெயிலுக்குத்தான். இவ்வளவுதானா என்று இருந்தது. அதைவிட, சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று இருந்தது. திரை போட்டால் வெளிச்சம் வராது. வெளிச்சம் வராவிட்டால் குருவி கூப்பிடாது. அவள் ஏனென்று தெரியாமல் காத்திருப்பாள்.

இறங்கும்போது ஏரிப் படம் கோணலாக நிற்பதைக் கவனித்தேன். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டாமல் முன்னுக்குச் சாய்ந்திருந்தது. பின்னால் கையை விட்டால் மடித்த அட்டை ஒன்று. படம் ஆடாமல் இருக்கச் சித்தப்பா வைத்ததாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். பேட்டரி வாங்கும்போது பின்னால் வருமே, அந்த அட்டை. அதில் ஒரு மடிப்பு அல்ல, பல மடிப்புகள். தடிமனாக மடித்து, பிரித்து, மெல்லிசாக மடித்து, மறுபடி தடிமனாக. வெள்ளையாக விண்டுபோகும் அளவுக்குப் பழகிய மடிப்புகள். எனக்கு ஒன்றும் புரியாமல் படத்தை நேராக்கி, அட்டையை மேசை மேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் நல்ல வெயில். குருவி கூப்பிடவில்லை.

சித்தி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். குருவியைப் பார்க்கவில்லை. நேரே ஏரிப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அதற்கடுத்த காலை நான் பல் தேய்த்துக்கொண்டு வரும்போது படம் பழையபடி சாய்ந்திருந்தது. மேசையில் அட்டை இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மடிப்புகள் புரிந்தன. வெயில் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் விழாது. சூரியன் வடக்கே போகப்போக, தெற்கே வரவர, படம் சாயும் அளவும் மாறவேண்டும். சித்தி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள், அவர் போன நாள் முதல். பூவைத் துவைப்பது போல, பேட்டரி மாற்றுவது போல, ரிப்பனைத் திருப்பிக் கட்டுவது போல. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, தலையைத் திருப்பாமல், வந்தாச்சா என்று கேட்டிருக்கிறாள். அன்று கடையில் ஒரு திரைக்கு மூன்று முறை தையல் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். 

வெளிர் துணியை வாங்கிவந்தும் தைக்காமல் நாள் கடத்தினேன். வேலை அதிகம் என்று சொன்னேன். அதற்குள் தம்பியின் பொறுமை போய்விட்டது. அவன் மனைவி ஒரு மாலை திடுக்கிட்டு எழுந்து, மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அம்மா, அந்தக் குருவியை எடுத்துடு. இல்லன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

"பிளாஸ்டிக் குருவிக்குப் பயந்து வீடு மாறப் போறியா? வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க."

"குருவிக்கு இல்லம்மா. உனக்குத்தான் பயப்படறா."

சித்தியின் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. தம்பியின் மனைவி, "ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். சித்தி அவளுடைய வயிற்றைப் பார்த்தாள், கூரைக் கொக்கியைப் பார்த்தாள். பிறகு எங்கள் அறைக்கு வந்து, என் மேசை மேல் இருந்த வெளிர் துணியை எடுத்து, விரலை உள்ளே விட்டு விளக்குக்கு நேரே பிடித்தாள். விரல் தெரிந்தது.

"இது போதாது. தடியா லைனிங் வச்சுத் தை" என்றாள்.

"சித்தி..."

"ஓரத்துல சந்து விடாதே. இந்தப் பக்கம் ஒரு சாண் கூட விட்டு வெட்டு. நீ எனக்காகச் சந்து விடுவேன்னு எனக்குத் தெரியும்."

குருவியை எடுத்துவிடலாமே, சுலபமாக இருக்குமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எடுப்பது வேறு, வாயடைப்பது வேறு. எது கொடுமை என்று எனக்கு இன்றும் தெரியாது. சந்து விடாமல் தைத்தேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை.

திரை மாட்டியதும் ஹால் வேறு வீடு போல ஆகிவிட்டது. சத்தம் உள்ளே வரவில்லை. ஏரியில் நிலா அணைந்துவிட்டது. தம்பியின் மனைவி சோபாவில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்காக எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெயில் சாயும் நேரம் வந்தது, போனது. குருவி கூப்பிடவில்லை.

சித்தி அடுக்களையிலிருந்து வந்தாள். எங்களைத் தாண்டிப் போய், தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து மாடிப்படியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். டீ போடவில்லை.

மறுநாளும் திறந்தாள். அதற்கு மறுநாள் படியிறங்கிப் பாதிவழி போனாள். கதவு திறந்தே கிடந்தது. தம்பியின் மனைவி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "அத்தை எங்கே போறாங்க?" என்றாள் மெதுவாக. நான் எழுந்து போய்ச் சித்தியின் முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தேன். "டீ நேரமாச்சே, இன்னும் காணோமேன்னு பாத்தேன்" என்றாள் சித்தி. யாரைக் காணோம் என்று நாங்கள் கேட்கவில்லை.  சொல்லிவிட்டதை அவளே கேட்டது போலச் சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் பூக்களைக் குளிப்பாட்டவில்லை.

பிறகு ஒரு நாள் மேல்மாடிக்காரர்தான் அவளைக் கூட்டிவந்தார். தெருவில் சித்தப்பா வேனை நிறுத்தும் இடத்தில், செருப்பில்லாமல், போகிற வண்டிகளைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். அவருக்கும் விளையாட்டாகப் பேச வரவில்லை. "அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

அன்று தம்பியின் மனைவி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா" என்றாள். "குருவி கூப்பிட்டப்போ அத்தை உக்காந்த இடத்தை விட்டு அசைய மாட்டாங்க, இல்ல? வந்தாச்சான்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுடும். போயி காய் நறுக்குவாங்க."

"ஆமா."

"நான் எதைக் கண்டு பயந்தேனோ, அதுதான் அவங்களைப் புடிச்சு வச்சிருந்திருக்கு." அவள் அன்னத்தின் ரிப்பனை விரலால் தொட்டாள், முதல் முறையாக. தொட்ட விரல் கீழே இருந்த ஒட்டுக்கோட்டில் நின்றது. "இது உடைஞ்சதா?"

"இந்த வீட்டுல எல்லாமே உடைஞ்சதுதான்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கே கூச்சமாகிவிட்டது.

மறுநாள் பகலிலிருந்தே மழை. தெரு முழுக்கச் சாம்பல் நிறம். கடைக்குப் போக முடியாமல் நான் வீட்டில் இருந்தேன். சித்தி கதவுக்கு அருகே சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்து திறப்பதற்குத் தோதாக. மழையின் வெளிச்சத்தில் நேரமே தெரியவில்லை. தம்பியின் மனைவி ஜன்னலுக்குப் போய், நான் தைத்த திரையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிவரை இழுத்து ஒதுக்கினாள்.

வெளிச்சம் மாறியதும் குருவி கூப்பிட்டது. அவள் இப்போதும் துள்ளி விழுந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அத்தை, மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு பாருங்க."

"அது நீ ஸ்கிரீனை இழுத்ததுக்குக் கத்துது. அசடு" என்றாள் சித்தி. ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அடுக்களைக்குப் போய் டீ போட்டாள். மூன்று டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மூவரும் குடித்தோம். யாரும் அசையவில்லை. மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் தேங்கியதால் பஸ் எதுவும் வரவில்லை. கண்ணாடி ஏரியில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை.

குருவி கூப்பிட்டது.

வாலை ஆட்டி, அலகைத் திறந்து, நீளமாக, கடைசியில் அந்தக் கேள்வி போன்ற இழுப்போடு.

தம்பியின் மனைவிக்கு வெயிலும் பஸ்ஸும் படத்தின் சாய்வும் தெரியாது. அவள் பாட்டுக்கு டீயை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி ஏரிப் படத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.  அன்னத்தை யாராவது தொடும்போது அவளும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. இந்த முறை என்னிடம்.

கதவு பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ரிட்டர்ன் சரக்குதானே" என்றாள். "அதுக்கு என்ன தெரியும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "மழை விட்டதும் பூவையெல்லாம் எடுத்து வாளியில போடணும். ஒரே தூசி."